ஒரே ஒரு நாள் பிலடெல்பியா: மணியா, சிறையா, மண்டபமா?

எடிசன்வாசி:
வணக்கம். ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். நியூயார்க், வாஷிங்டன் இரண்டும் முடிந்தது. வரும் சனிக்கிழமை காரில் பிலடெல்பியா கூட்டிப்போகலாம் என்று இருக்கிறேன், காலையில் கிளம்பி ராத்திரி திரும்ப வேண்டும். அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். அம்மாவுக்கு மூட்டுவலி, அதிகம் நடக்க முடியாது. பையன் ஐந்தாம் வகுப்பு. எல்லாரும் சைவம். அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: லிபர்ட்டி பெல் மணி பாரு, இண்டிபெண்டன்ஸ் ஹால் பாரு, ராக்கி சினிமாவில் வரும் படிக்கட்டில் போட்டோ எடு, வந்துவிடு. அந்த ஊரில் பார்க்க இருப்பது இவ்வளவுதானா? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்கள்.

டெலவேர்க்கரை:
இவ்வளவுதானா என்று கேட்கிறீர்கள், அந்த இரண்டுக்குமே ஒரு நாள் பத்தாது என்று நான் சொல்வேன். இண்டிபெண்டன்ஸ் ஹாலில் ஒரே ஒரு அறை இருக்கிறது, 1776இல் சுதந்திரப் பிரகடனத்தை ஏற்றுக்கொண்டதும் அங்கேதான், 11 வருடம் கழித்து அரசியல் சட்டத்தை எழுதி முடித்ததும் அங்கேதான். பச்சைத் துணி விரித்த மேசைகள், அவற்றைப் பார்த்தபடி முன்னால் ஒரு நாற்காலி. மேசை நாற்காலிகளில் பெரும்பாலானவை அதே காலத்தைச் சேர்ந்த வேறு பொருட்கள், ஆனால் அந்த முன் நாற்காலி மட்டும் அசல், 1787இல் ஜார்ஜ் வாஷிங்டன் உட்கார்ந்து அரசியல் சட்டக் கூட்டம் நடத்தியது. அதன் முதுகுச் சாய்வின் உச்சியில் பாதிச் சூரியன் செதுக்கி, தங்கப் பூச்சு பூசியிருப்பார்கள். கூட்டம் நடந்த மாதங்களெல்லாம் அது உதிக்கும் சூரியனா அஸ்தமிக்கும் சூரியனா என்று யோசித்துக்கொண்டிருந்த உறுப்பினர் பெஞ்சமின் பிராங்க்ளின், கடைசி நாள் கையெழுத்துப் போடும்போதுதான் உதிக்கும் சூரியன் என்று தெரிந்துகொண்டதாகச் சொன்னார். வரலாற்று ஆசிரியரை அந்த நாற்காலிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள், அவர் நகரமாட்டார்.

டிக்கெட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள், ஆளுக்கு ஒரு டாலர் பதிவுக் கட்டணம்தான், ஆனால் சனிக்கிழமைக்குச் சீக்கிரம் தீர்ந்துவிடும். லிபர்ட்டி பெல் மணியைப் பார்க்க டிக்கெட் கிடையாது, வரிசைதான். ஹாலை ஒட்டி மேற்கே காங்கிரஸ் ஹால், 1790 முதல் 1800 வரை பிலடெல்பியா நாட்டின் தலைநகராக இருந்தபோது நாடாளுமன்றம் கூடிய இடம். 1797இல் வாஷிங்டன் பதவியைவிட்டு இறங்கி ஜான் ஆடம்ஸ் பதவியேற்றது அங்கேதான். ராக்கி படிக்கட்டை விட்டுவிடுங்கள், அது ஒரு சினிமா லொகேஷன், அவ்வளவுதான்.

இருட்டறை:
ஹால் சரி, அதில் எனக்குச் சண்டை இல்லை. மணிக்காக வரிசையில் நிற்க வைப்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மூட்டுவலி உள்ள அம்மாவைப் பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிறுத்தி, உள்ளே போனால் பத்து வரிசை தலைகளுக்கு நடுவே ஒரு விரிசல் விட்ட வெண்கலம். செஸ்நட் தெரு பக்கம் போனால் வெளியே நின்றே கண்ணாடி வழியாக அந்த மணி தெரியும். அப்படிப் பார்த்தால் போதும்.

மிச்சப்படுகிற நேரத்துக்கு ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறைக்குப் போங்கள். 1829இல் திறந்து 1971இல் மூடியது. வெளியே கோட்டை மாதிரி 30 அடி மதில். உள்ளே நடுவில் ஒரு கூடம், அதிலிருந்து நாலா பக்கமும் பிரிகிற நீளமான அறை வரிசைகள், நடுவில் ஒரு காவலர் நின்று சுற்றினாலே எல்லா வரிசையும் கண்ணில் படும். ஒரு அறைக்குள் நுழைந்து பாருங்கள். வளைந்த கூரை, உச்சியில் ஒரு சின்னத் திறப்பு, அது வழியாக மட்டும் வெளிச்சம். சுவர்ப்பூச்சு பாளம் பாளமாக உரிந்து தரையில் கிடக்கும். வாசல் குள்ளம், குனிந்துதான் போக வேண்டும். பேச்சுக்கூட இல்லாத தனிமை. அறையைவிட்டு வெளியே கொண்டுபோனால் முகம் தெரியாதபடி தலையில் முகமூடி. தனியாக விட்டால் மனிதன் தன் பாவத்தை நினைத்துத் திருந்துவான் என்று நம்பிக் கட்டினார்கள். 1842இல் வந்து பார்த்த ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், இது உடலை அடிப்பதைவிடக் கொடுமை என்று எழுதினார். ஒரு வரலாற்று ஆசிரியருக்கு இதைவிட வேறென்ன காட்ட வேண்டும்?

டெலவேர்க்கரை:
இருட்டறை, நீங்கள் யாருக்குச் சொல்கிறீர்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள். பத்து வயதுப் பையன், வயதான அம்மா. அந்த அறை வரிசைகளில் வெயில் காலத்தில் ஏசி கிடையாது, குளிர் காலத்தில் ஹீட்டர் கிடையாது. நடை அதிகம். ஊரிலிருந்து வந்தவர்களை ஒரே ஒரு நாள் வெளியே அழைத்துப்போய் சிறையையா காட்டுவது? சிறை எல்லா ஊரிலும் இருக்கிறது. ஒரு நாட்டையே பேச்சுவார்த்தை நடத்தி எழுதி உண்டாக்கிய அறை எல்லா ஊரிலும் இல்லை.

இருட்டறை:
எல்லா ஊரிலும் இருக்கிறது, ஆனால் எங்கிருந்து போனது என்று யோசியுங்கள். அதே 1787இல், அரசியல் சட்டம் எழுதிய அதே வருடத்தில், சிறைகளின் அவலத்தைப் போக்க வேண்டும் என்று இதே பிலடெல்பியாவில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். சாட்டையடியும் தூக்கும் வேண்டாம், மனிதனைத் திருத்துவோம் என்பதுதான் அவர்கள் எண்ணம். அந்த நல்ல எண்ணம்தான் 40 வருடம் கழித்து இந்தத் தனிமைக் கொட்டடியாகக் கட்டடம் ஆனது. வெள்ளை மாளிகையிலேயே குழாய்த் தண்ணீர் இல்லாத காலத்தில் இங்கே ஒவ்வொரு கைதி அறையிலும் குழாயும் கழிப்பறையும் வைத்தார்கள், அடுத்த அறைக்காரன் முகத்தைக்கூட இவன் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. இந்த வரைபடத்தைப் பார்த்து உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான சிறைகளைக் கட்டினார்கள். நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் செய்ததின் விளைவை நேரில் பார்க்கிற இடம் இது, ஹாலுக்கு எந்த வகையிலும் குறைந்தது இல்லை. பையன்களுக்கும் பிடிக்கும், பிரபல தாதா அல் கபோன் 1929இல் அடைக்கப்பட்டிருந்த அறை இருக்கிறது, 1945இல் சுரங்கம் தோண்டித் தப்பிய 12 பேரின் கதை இருக்கிறது. வெளி முற்றத்தில் 16 அடி உயரத்துக்கு இரும்பில் ஒரு வரைபடம் நிற்கும், அமெரிக்காவில் சிறையில் இருப்பவர்களின் எண்ணிக்கை எப்படி ஏறியது என்று காட்டும். அதற்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் சும்மா திரும்பி வர முடியாது.

மேலமாசிவீதி:
இரண்டு பேருமே ஒன்றை விட்டுவிட்டீர்கள், அதுவும் ஒரு தமிழ்க் குழுவில். ராக்கி படிக்கட்டு என்று அலுவலகத்தில் சொன்னார்களே, அந்த 72 படியும் போய் முடிவது பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தின் வாசலில். படியில் ஓடி, கையைத் தூக்கிப் போட்டோ எடுத்துவிட்டு அப்படியே இறங்கிப் போகிறார்கள். உள்ளே மதுரைக் கோயில் மண்டபம் ஒன்று நிற்கிறது. படம் இல்லை, மாதிரி இல்லை, கருங்கல் தூண்களோடு அசல் மண்டபம். மதனகோபால சுவாமி கோயிலைச் சேர்ந்தது, 1560 வாக்கில் செய்தது என்று அருங்காட்சியகம் கணிக்கிறது, அதாவது நாயக்கர் காலத்துத் தொடக்கம். கோயில் இன்றும் மதுரையில் மேல மாசி வீதியில் இருக்கிறது, நான் அந்தத் தெருவில் வளர்ந்தவன். இங்கே வந்து ஏசி குளிரில், வெளிச்சத்தைக் குறைத்து வைத்த ஒரு கூடத்துக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் தூண், தூணோடு சேர்த்தே செதுக்கிய ஆளுயர உருவங்கள். அனுமன் நிற்கிறார், கருடன் நிற்கிறார். தூண்களுக்கு மேலே வரிசைப் பலகைக் கல்லில் இராமாயணக் காட்சிகள். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, விபூதிக் கை பட்ட தடம் இல்லை, அதனாலேயே உளி போன வழிகூடத் தெரியும். ஊரில் கூட்டத்துக்கு நடுவில் நாம் ஒரு தூணைக்கூட இப்படி நின்று பார்த்ததில்லை.

அம்மாவுக்குப் படி ஏற வேண்டியதில்லை, படியில்லாத வாசல் உண்டு, சக்கர நாற்காலியும் கேட்டால் கொடுப்பார்கள்.

டெலவேர்க்கரை:
மதுரைக்காரரின் பாசம் புரிகிறது. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து 20 மணி நேரத்துக்கு மேல் விமானத்தில் வந்தவர்களுக்கு மறுபடியும் மதுரை மண்டபமா? அவர்கள் மீனாட்சி கோயில் ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்க்காதவர்களா? பிலடெல்பியாவில் மட்டும் பார்க்க முடிகிறதைப் பார்க்கட்டும்.

மேலமாசிவீதி:
இது எப்படி இங்கே வந்தது என்பது பிலடெல்பியாவின் கதைதானே. அடலின் பெப்பர் கிப்சன் என்று இந்த ஊர் வசதியான குடும்பத்துப் பெண். 1912இல் மதுரைக்கு வந்தபோது, கோயில் வளாகத்தில் குவிந்து கிடந்த கற்களை விலைக்கு வாங்கிக் கப்பலில் ஏற்றினார். முதல் உலகப் போரில் பிரான்சில் ராணுவ மருத்துவமனையில் சேவை செய்தபோது 1919இல் இறந்துபோனார். அவர் நினைவாகக் குடும்பத்தார் அந்தக் கற்களை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். இந்த ஊரில் பணம் எங்கெங்கே போய் என்னென்ன வாங்கியது என்று தெரிய வேண்டாமா? 1776 மட்டும்தான் வரலாறா?

இருட்டறை:
இதில் நான் மேலமாசிவீதியோடு நிற்கிறேன், ஆனால் முழுதாகச் சொல்லுங்கள். குவிந்து கிடந்தது என்று சொல்வது வாங்கியவர்கள் தரப்பு. வெள்ளைக்காரன் ஆட்சியில் ஒரு கோயிலின் கல்லை ஒரு பயணி விலை பேசி வாங்க முடிந்தது என்பதே ஒரு கேள்வி. அது மதுரைக்குத் திரும்பிப் போக வேண்டியது என்று நான் நினைக்கிறேன்.

மேலமாசிவீதி:
போகட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை, சந்தோஷம்தான். அது நடக்கிற வரைக்கும் இந்தப் பக்கம் வருகிற தமிழர்கள் எட்டிப் பார்க்காமல் படிக்கட்டில் போட்டோ மட்டும் எடுத்துப் போகக் கூடாது என்கிறேன். கேட்பாரற்றுப் போனால் திருப்பிக் கேட்கவும் ஆள் இருக்காது.

ஒதுங்கியநிழல்:
சண்டையில் மணியை ரொம்பக் குறைத்துவிட்டீர்கள், அதற்காகத்தான் எழுத வந்தேன். இருட்டறை சொன்னது போல அது விரிசல் விட்ட வெண்கலம்தான். லண்டனிலிருந்து 1752இல் வந்து முதல் சோதனை அடியிலேயே விரிசல் விட்டது, பாஸ், ஸ்டோ என்று இரண்டு உள்ளூர்க்காரர்கள் மறுபடி உருக்கி வார்த்தார்கள், அவர்கள் பெயரையே அதில் பொறித்திருக்கிறார்கள். நாம் போட்டோவில் பார்க்கிற அகலமான பிளவு உண்மையில் பழுது பார்த்த தடம். மெல்லிய விரிசலின் இரண்டு ஓரமும் உரசி அதிராமல் இருக்க வேண்டுமென்று வேண்டுமென்றே அகலப்படுத்தினார்கள், 1846இல் வாஷிங்டன் பிறந்தநாளுக்கு அடித்தபோது விரிசல் மேலேயும் ஓடி, அதோடு மணி வாய் மூடியது. கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தப் பிளவுக்கு மேலே மயிரிழை போல ஓடும் இன்னொரு கோடு தெரியும், அதுதான் மணியை முடித்த விரிசல். வெளிக் கண்ணாடியிலிருந்து இது தெரியாது.

ஆனால் அதற்கு லிபர்ட்டி பெல் என்று பெயர் வைத்தது 1776 ஆட்கள் இல்லை. 1830களில் அடிமை முறையை ஒழிக்கப் போராடியவர்கள். தேசம் முழுவதும், அதில் குடியிருக்கும் அத்தனை பேருக்கும் விடுதலை கூறுங்கள் என்ற பைபிள் வரி மணியின் தோள்பட்டையில் இருக்கிறது, அதைப் படித்துவிட்டு, அத்தனை பேருக்கும் என்றால் எங்கள் கறுப்பின மக்கள் எங்கே என்று கேட்டார்கள். மணியின் அர்த்தம் அந்தக் கேள்விதான்.

இப்போது மணிக் கட்டடத்தின் வாசலுக்கு வாருங்கள். கூரை இல்லாத சுவர்களும் ஜன்னல் சட்டங்களும் நிற்கும், பாதிப்பேர் பஸ் நிறுத்தமோ என்று கடந்துபோவார்கள். அது பிரசிடெண்ட்ஸ் ஹவுஸ் இருந்த இடம். வாஷிங்டன் அதிபராக இருந்தபோது குடியிருந்த வீடு, அங்கே அவர் 9 அடிமைகளை வைத்திருந்தார். பென்சில்வேனியாவின் 1780 சட்டப்படி வெளிமாநிலத்தான் கொண்டுவந்த அடிமை 6 மாதத்துக்கு மேல் இங்கே தங்கிவிட்டால் விடுதலை கேட்கலாம். அதனால் 6 மாதம் முடிவதற்குள் அவர்களை எல்லைக்கு வெளியே அனுப்பித் திரும்ப வரவழைத்தார், காரணத்தை அவர்களுக்குச் சொல்லக் கூடாது என்று கடிதமும் எழுதினார். ஓனா ஜட்ஜ் என்ற இளம்பெண் 1796 மே மாதம் ஒரு நாள், வாஷிங்டன் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாசல் வழியாக நடந்து வெளியேறி, கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் போய்விட்டாள். 10 டாலர் வெகுமதி என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள், ஆள் அனுப்பினார்கள், அவள் திரும்பவே இல்லை. 1848 வரை வாழ்ந்தாள். அந்த 9 பேரின் பெயர்களும் அங்கே கல்லில் வெட்டியிருக்கின்றன. அடிமைகள் படுத்திருந்த இடத்தைத் தாண்டித்தான் சுதந்திர மணியைப் பார்க்க உள்ளே போக வேண்டும், இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போங்கள்.

டெலவேர்க்கரை:
நல்லது, மணிக்கு ஒரு ஆள் சேர்ந்தார்.

ஒதுங்கியநிழல்:
உங்கள் பக்கம் சேர்ந்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் சொன்ன அந்த அறையிலேயேதான் நாடாளுமன்ற இடங்களைப் பங்கிடும் மக்கள்தொகைக் கணக்கில் அடிமைகளை ஆளுக்கு ஐந்தில் மூன்று பங்கு என்று வைக்க ஒப்புக்கொண்டார்கள். நாற்காலியில் உள்ள சூரியனைக் காட்டும்போது அதையும் பையனுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

டெலவேர்க்கரை:
சொல்லத்தான் வேண்டும், மறைக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த அறையில் எழுதியதைத் திருத்தவும் அவர்களே வழி வைத்தார்கள், அடிமை முறையை ஒழித்த 13ஆவது திருத்தம் அந்த வழியாகத்தான் வந்தது. அதனால்தான் அந்த அறைதான் முதல் இடம் என்கிறேன்.

ஒதுங்கியநிழல்:
6 லட்சத்துக்கும் மேல் ஆட்கள் செத்த ஒரு உள்நாட்டுப் போருக்கு அப்புறம் வந்தது. காகிதத்தில் இருந்த வழி மட்டும் கொண்டுவரவில்லை.

சாப்பாட்டுராமி:
ஒருவரும் சாப்பாடு பற்றிப் பேசவில்லை, அம்மா அப்பா பட்டினியாகவா நடப்பார்கள்? ரீடிங் டெர்மினல் மார்க்கெட், 12ஆம் தெரு, ஹாலிலிருந்து கொஞ்ச தூரம்தான். பழைய ரயில் நிலையத்துக்குக் கீழே 1893இலிருந்து நடக்கிற சந்தை. சனிக்கிழமை போவது நல்லது, ஞாயிற்றுக்கிழமை ஆமிஷ் மக்களின் (பழைய வாழ்க்கைமுறையை விடாத கிறிஸ்தவச் சமூகம்) கடைகள் மூடிவிடும். அவர்களுடைய கடையில் பிரெட்ஸல் கண்ணெதிரே மாவைத் திரித்து முறுக்கி, சுட்டெடுத்து, வெண்ணெயில் முக்கித் தருவார்கள், கையில் வாங்கும்போதே விரல் சுடும். சைவத்துக்குப் பயமில்லை, கேட்டு வாங்குங்கள். பாசெட்ஸ் ஐஸ்கிரீம் 1861இல் தொடங்கிய கம்பெனி, சந்தை திறந்த நாளிலிருந்து அங்கேயே இருக்கிறது. மத்தியானம் 12 மணிக்குப் போனால் உட்கார இடம் கிடைக்காது, 11 மணிக்குப் போய்விடுங்கள். காரை விசிட்டர் சென்டருக்கு அடியில் இருக்கிற நிலத்தடி பார்க்கிங்கில் விடுங்கள், தெருவில் விட்டுப் பலகையைச் சரியாகப் படிக்காமல் போய் அபராதம் கட்டியவர்களை நிறையத் தெரியும்.

இன்னொன்று, பெட்ஸி ராஸ் வீட்டுக்கு நேரம் ஒதுக்க வேண்டாம். முதல் அமெரிக்கக் கொடியை அவர் தைத்தார் என்ற கதையை அவர் பேரன் 1870இல்தான் வெளியில் சொன்னார், அந்தக் காலத்து ஆதாரம் எதுவும் இல்லை. அதற்கு இரண்டு நிமிட நடையில் எல்ஃப்ரெத் சந்து இருக்கிறது, 32 வீடு, 300 வருடமாக ஆள் குடியிருக்கிற தெரு. ஜன்னல்களில் பூந்தொட்டி, கீழே உருளைக்கல் பாவிய தரை. அம்மாவுக்குக் கால் தடுக்கும், தெரு முனையில் நின்று பார்த்தால் போதும்.

இருட்டறை:
பெட்ஸி ராஸ் விஷயத்தில் முழுச் சம்மதம்.

எடிசன்வாசி:
எல்லாருக்கும் நன்றி, வீட்டில் எல்லாவற்றையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அப்பா மண்டபத்தை விடமாட்டேன் என்கிறார், சின்ன வயதில் மதுரையில் தங்கிப் படித்தவர், அந்தக் கோயிலுக்குப் போயிருக்கிறாராம், கற்கள் போன கதை தெரியாது. பையனுக்கு அல் கபோன் அறை வேண்டும். அம்மாவுக்குப் பிரெட்ஸல். இப்போதைக்குத் திட்டம்: காலை 9 மணிக்கு ஹால் டிக்கெட் கிடைத்துவிட்டது. அப்புறம் பிரசிடெண்ட்ஸ் ஹவுஸ், வரிசை சின்னதாக இருந்தால் மணி, இல்லாவிட்டால் கண்ணாடி வழியாக. 11 மணிக்கு மார்க்கெட். அப்புறம் அருங்காட்சியகம் மூடும் வரை. சிறை இந்தத் தடவை இல்லை.

இருட்டறை:
நீங்கள் சிறையை விட்டது எனக்கு வருத்தம்தான், மாற்றிச் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு யோசனை: அருங்காட்சியகத்திலிருந்து சிறை காரில் சில நிமிடம்தான். அம்மாவும் அப்பாவும் மண்டபத்தில் இருக்கட்டும், அவர்களுக்கு உட்கார இடம் இருக்கிறது. நீங்களும் பையனும் மட்டும் போய் ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம். ஒலி வழிகாட்டியைப் பையன் காதில் மாட்டிவிடுங்கள், கைதிகளும் காவலர்களும் தாங்களே பேசிய குரல் அதில் இருக்கிறது.

டெலவேர்க்கரை:
ஒரு மணி நேரத்தில் முடியாது, அவசரமாகப் பார்த்தால் பேய் வீடு பார்த்தது மாதிரி ஆகிவிடும். பையன் பெரியவன் ஆனதும் ஒரு முழு மதியம் ஒதுக்கிப் போங்கள், அப்போது நானே கூட வருகிறேன். மணியை உள்ளே போய்ப் பாருங்கள், ஒதுங்கியநிழல் சொன்ன அந்த மயிரிழைக் கோட்டைப் பையன் தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

மேலமாசிவீதி:
எடிசன்வாசி, அருங்காட்சியகத்துக்குள் போனதும் வாசலில் வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள், மண்டபம் மேல்தளத்தில் ஆசியப் பகுதியில் இருக்கிறது, லிஃப்ட் உண்டு. ஐரோப்பிய ஓவியங்களில் நேரம் போய்விடும், முதலில் நேராக மண்டபத்துக்குப் போய்விடுங்கள். அப்பா என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள், மேல மாசி வீதிக் கோயிலில் அவர் என்னென்ன பார்த்தார் என்பதையும் சேர்த்து.